மாப்பிள்ளை பிடித்த முனை

ஒரு பிக்கப் வண்டிக்கு ஸ்பார்க் பிளக் வாங்குவதில் அப்படி என்ன யோசனை வேண்டிக் கிடக்கிறது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. வண்டி வைத்திருக்கிற முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் கேட்பார்கள். நீங்களும் உங்கள் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, "ஏதாவது நல்லதாப் போடுப்பா" என்று சொல்லிவிட்டு வருகிறவராகத்தான் இருப்பீர்கள். தப்பில்லை. ஆனால் அந்த ஏதாவது நல்லது எது என்பதை யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதற்றம் எதுவும் இல்லை. டீ கொடுத்தீர்கள், நன்றாக இருந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். வரிசையாகச் சொல்ல மட்டும் விடுங்கள்.

பிளக் என்பது விரல் நீளச் சாமான். பெட்ரோல் என்ஜினுக்குள் தலைகீழாக உட்கார்ந்துகொண்டு நுனியில் ஒரு பொறி விடும். அந்தப் பொறியில் பெட்ரோல் எரியும், எரிந்தால் வண்டி நகரும். எங்கள் வண்டிக்கு நான்கு பிளக். நான்கும் இல்லை என்றால் வண்டி வாசலில் நிற்கிற இரும்பு, அவ்வளவுதான். உங்கள் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். எழுதட்டும், பின்னால் தேவைப்படும்.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. இதைச் சொன்னதும் லேசாகச் சிரித்தீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள், எனக்குப் பழக்கம்தான். மாமனாருக்குக் கண்ணாடிக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு திரை. ஜன்னலுக்கும் கதவுக்கும் அளவெடுத்துக் கண்ணாடி வெட்டிக் கொடுப்பார். பெரிய ஷீட்டை மேஜையில் கிடத்துவார், காதில் செருகியிருக்கும் கட்டரை எடுப்பார், ஒரே கோடு. கோட்டின் மேல் இன்னொரு கோடு போட்டால் கண்ணாடி தாறுமாறாக உடையும் என்பார். அதனால் யோசிப்பதென்றால் கோட்டுக்கு முன்னால் யோசிக்க வேண்டும். அவருக்கு அந்த யோசனையும் தேவைப்பட்டதில்லை. பார்ப்பார், இழுப்பார், தட்டுவார், முடிந்தது. ஷீட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. கல்யாணமானதிலிருந்து அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டையும் அவர் அப்படித்தான் நடத்தினார். எந்தக் கலர் சட்டை எனக்கு எடுப்பாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும், வாங்கி வந்துவிடுவார். கட்டில் எந்தப் பக்கம், எந்தப் பற்பசை, எந்த டாக்டர், எல்லாம் அவர்தான். என் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி நர்ஸ் என்னிடம் குழந்தையின் பெயரைச் சொல்லித்தான் வாழ்த்தினார். பெயர் நன்றாகத்தான் இருந்தது. மாமா மோசமான மனிதர் இல்லை, அதை அழுத்தமாகவே எழுதிக்கொள்ளுங்கள். ஒருநாளும் என்னிடம் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. "வாங்க மாப்ளே, உக்காருங்க மாப்ளே" என்பார். எங்கே உட்கார வேண்டும் என்பதையும் கையால் காட்டிவிடுவார்.

அந்தக் கடைக்கென்று ஒரு சட்டம் உண்டு. ஒருவர் பிடித்த முனையில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. கண்ணாடித் தொழிலில் இது விளையாட்டு இல்லை. ஒரே முனையை இரண்டு பேர் பிடித்தால் ஒருவர் தூக்குவார், இன்னொருவர் இறக்குவார், ஷீட் நடுவில் உடைந்து யார் மேலாவது இறங்கும். மாமாவின் முழங்கையில் இதற்குச் சாட்சியாக நீளமாக ஒரு தழும்பு இருந்தது. இந்தச் சட்டம் எப்போதோ திரையைத் தாண்டி வீட்டுக்குள் வந்து குடியேறிவிட்டது. அத்தை அடுப்பில் வைத்த பாத்திரத்தை, அடி பிடித்தாலும் என் மனைவி இறக்கமாட்டாள். மனைவி கொடியில் போட்ட துணி மழையில் நனைந்தால் நனைந்ததுதான், அத்தை எடுக்கமாட்டார். மச்சினன் பாதி அடித்த ஆணி கூடத்துச் சுவரில் இன்னும் பாதியாகவே நிற்கிறது. யார் கையில் கொடுத்தது எதுவோ அதை அவர்தான் முடிக்க வேண்டும். எனக்குத்தான் அப்படிக் கையில் எதுவும் கொடுக்கப்பட்டதில்லை.

அன்றைக்கு மச்சினன் ஒரு துணிக்கடையில் சுவர் முழுக்க முகக்கண்ணாடி பதிக்கப் போயிருந்தான். வண்டியின் தலைவலி, வயிற்றுவலி எல்லாம் பார்ப்பது அவன்தான். நானும் மாமாவும் ஒரு லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டி மேட்டில் திக்கித் திக்கி ஏறியது.

"மிஸ்ஸிங் அடிக்குது. பிளக்கு தேஞ்சிருக்கும்" என்றார் மாமா.

கடை வாசலில் நிறுத்தினார். உள்ளே இரண்டு பேர் ஜன்னல் அளவோடு காத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே சாவியை என் பக்கம் நீட்டினார். "மாப்ளே, நீங்களே நல்லதாப் பாத்து நாலு பிளக்கு வாங்கிப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நீங்களே. நல்லதாப் பாத்து. இதை அவர் யோசித்துச் சொல்லவில்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது தெரியவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். சந்தோஷமாக இருந்தது, வேறு என்ன சொல்வது.

வண்டியின் மூடியைத் திறந்தேன். பார்த்தேன். நான்கு பிளக்கையும் கழற்றினேன். இதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன், இப்போதே சொன்னால் மற்றதெல்லாம் உங்கள் காதில் ஏறாது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். வண்டியின் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் கேட்டார்: "சாதாவா, பிளாட்டினமா, இரிடியமா சார்?"

மூன்று பதில் உள்ள கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்பார்கள், அதற்கு இரண்டு பதில்தான். நான் மூன்றையும் எடுத்துக் காட்டச் சொன்னேன். சாதா பிளக் செம்புத் தண்டு வைத்தது. பொறி நன்றாக விழும், சீக்கிரம் தேயும். பிளாட்டினம் அதைவிட நாள் வரும். இரிடியம் நுனி ஊசி மாதிரி இருக்கும், தேயவே தேயாது என்கிறார்கள். மூன்றும் எங்கள் வண்டிக்கு உட்காரும். "எது நல்லது?" என்று கேட்டேன். "நீங்கதான் சொல்லணும். எப்படி ஓட்டுறீங்க, எவ்ளோ லோடு ஏத்துறீங்க, அதைப் பொறுத்தது" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதில் நான் உட்கார்ந்தது நானாக உட்கார்ந்தது.

பிறகு போனில் பிக்கப் வைத்திருக்கிறவர்களின் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே ஒருவருக்கொருவர் பட்டப்பெயர்தான். சைலன்சர் என்று ஒருவர் இருந்தார், அவர் வாயை மூடிய நேரமே கிடையாது. பிளக்கின் நுனியில் பொறி விழ ஓர் இடைவெளி வேண்டும். அது எவ்வளவு இருக்கலாம் என்று இவரும் வால்வு என்கிற இன்னொருவரும் போட்ட சண்டையில் குழுவே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. இவர்கள் பையனுக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு ஆராய்ச்சி செய்திருக்கமாட்டார்கள். நான் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று எழுதினேன். சைலன்சர் எனக்குக் கைகூப்பும் படம் அனுப்பினார்.

மறுநாள் காலை, சாப்பிடும்போது மாமா கேட்டார். "என்ன மாப்ளே, முடிவாச்சா?"

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். நீங்கள் இந்த இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த மனிதர் எதற்கும் காத்திருந்து நான் பார்த்ததில்லை. நான் இரண்டு தம்ளரை எடுத்து வைத்து, ஒன்று சூட்டைச் சீக்கிரம் வெளியே விடுகிற பிளக், இன்னொன்று சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிற பிளக் என்று விளக்கினேன். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். மனைவி கையில் கரண்டியோடு நின்றாள். எல்லோரும் என் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, ஏதோ ஒண்ணு போடுங்க" என்றார் மாமா.

ஏதோ ஒண்ணு. எனக்கு அது வலித்தது. ஒரு மனிதன் ராத்திரியெல்லாம் படித்துவிட்டு வந்து சொல்கிறான், அதற்கு ஏதோ ஒண்ணு. நல்லதாகப் பார்க்கச் சொன்னது அவர்தான். சரி, நல்லதாகவே பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

மூன்று செட்டும் வாங்கி வந்தேன், பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று. அலமாரியின் மேல்தட்டில் என் சட்டைகளை ஒதுக்கிவிட்டு வரிசையாக வைத்தேன். காலையில் ஒரு முறை எடுத்துப் பார்ப்பேன், மாலையில் ஒரு முறை. வண்டி வாசலில் நின்றது. தினமும் மாமா கேட்டார், தினமும் நான் "பாத்துட்டே இருக்கேன் மாமா" என்றேன். முதலில் சாதாதான் என்ற நிலைக்கு வந்தேன். பிறகு கண்ணாடி கனமான லோடு, அதற்குச் சாதா தாங்குமா என்று ஒரு சந்தேகம். பிளாட்டினத்துக்கு வந்தேன். அங்கே வால்வு ஒரு வார்த்தை சொன்னார், அதோடு அதுவும் போயிற்று.

இதற்குள் கடையில் வெட்டிய கண்ணாடிகள் சுவர் ஓரமாகச் சேர்ந்துகொண்டே போயின. ஒரு வீட்டில் ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்தார்கள். வாடகை வண்டி பிடித்து அனுப்பியதில் ஆளுயர ஷீட் ஒன்று வழியிலேயே தூளாகிவிட்டது. வாடகை வண்டியில் கண்ணாடி சாய்த்து வைக்க மரச்சட்டம் கிடையாது. மாமா தாடையைச் சொறிந்துகொண்டு வாசலுக்கும் கடைக்கும் நடந்தார். வண்டியில் கை வைக்கவில்லை. வைக்க முடியாது. அவர் போட்ட சட்டம்.

மச்சினனுக்குத்தான் பொறுமை போய்விட்டது. ஒரு மத்தியானம் பிளக் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனான். "மச்சான், ஏதாவது ஒரு செட்டைக் கொடுங்க, நான் மாட்டிடறேன். ஒரு டீ குடிக்கிற நேர வேலை" என்றான்.

மாமாதான் கடைக்குள்ளிருந்து சொன்னார். "அது மாப்ளே பிடிச்ச முனை. வைடா கீழே."

அவன் வைத்தான். அந்த வீட்டில் எனக்கு மிகவும் நல்ல நாள் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கல்யாண நாளைச் சொல்ல வேண்டும்தான். ஆனால் அதையும் அவர்தான் குறித்தார்.

மனைவி மட்டும் ஒருமுறை கேட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இந்த மூணு செட்டும் நம்ம வண்டிக்குச் சேருமா?"

"சேரும்."

"எதைப் போட்டாலும் ஓடுமா?"

"ஓடும்."

"அப்புறம் என்ன?"

"ஓடறது வேற, பொருந்தறது வேற" என்றேன்.

அவள் மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தாள். இதை அவள் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். அவள் சொன்னதையே வைத்துக்கொள்ளுங்கள், அவள் பொய் சொல்லமாட்டாள்.

இனி அந்தக் காலை. மச்சினன் விடிந்ததும் வாடகை வண்டியில் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தான். மாமா பெரிய ஷீட் ஒன்றைக் கிடத்தியிருந்தார், நான் என் முனையைப் பிடித்திருந்தேன். கட்டரை வைத்து இழுத்தார். கோடு பாதியில் வளைந்தது. நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அவரும் அதை ஆச்சரியமாகத்தான் பார்த்தார். பிறகு கட்டரைக் கீழே வைத்துவிட்டு, கையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு, மேஜைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டை முழுக்க வேர்வையில் நனைந்துவிட்டது.

அத்தை ஓடி வந்தார். மனைவி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அவர்களிடம் இருந்த ஒரே ஆம்புலன்சும் வெளியே போயிருந்ததாம். "உங்ககிட்ட வண்டி இருந்தா உடனே ஏத்திட்டு வந்துருங்கம்மா, அதுதான் சீக்கிரம்" என்றார்களாம். ஆஸ்பத்திரி மேட்டுக்கு அந்தப் பக்கம்தான். வண்டியில் போனால் பக்கம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எதையாவது போடுங்க" என்றாள் மனைவி.

"பழசையே மாட்டிருங்க மாப்ளே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார் அத்தை.

பழையவை உடைந்த கண்ணாடியோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விட்டன என்றேன். பிறகு உள்ளே போய் அலமாரியிலிருந்து பிளாட்டினத்தையும் இரிடியத்தையும் எடுத்துக்கொண்டு வந்தேன். சாதாவை எடுக்கவில்லை. அதைப் பற்றி எனக்கு ஏற்கெனவே ஒரு முடிவு இருந்தது.

மாமா என் கையிலிருந்த இரண்டு பெட்டிகளையும் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவரிடம் நான் பார்த்ததில்லை. "மாப்ளே" என்றார். மூச்சு வாங்கியது. "நீங்க என்ன சொல்றீங்களோ, அப்படியே."

இதை நான் சரியாகச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் எனக்குக் கோபம் இல்லை, பழிவாங்கும் எண்ணம் இல்லை. நிம்மதியாக இருந்தது. ஒருவர் நம்மை இவ்வளவு நம்புகிறார் என்றால், நாம் அவசரப்பட்டு ஏதோ ஒன்றைப் போட்டுவிடக் கூடாது இல்லையா. நான் இடைவெளி அளக்கிற தகட்டை எடுத்து ஒவ்வொரு பிளக்காக அளந்தேன். இரிடியம் நான்கும் சரியாக இருந்தன. பிளாட்டினத்தில் ஒன்று ஒரு மயிரிழை கூடுதல். அவர் பக்கத்தில் குனிந்து, "மாமா, லோடு அதிகம்னா இரிடியம். நம்ம மாதிரி நின்னு நின்னு போற வண்டிக்குப் பிளாட்டினம். எது உங்களுக்குச் சரின்னு தோணுது?" என்று கேட்டேன்.

"எதுவா இருந்தாலும்" என்றார்.

"அது பதில் இல்லையே மாமா" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். எந்தச் சட்டை வேண்டும் என்று எப்போதோ ஒருமுறை அவர் என்னைக் கேட்டிருந்தால், நானும் எதுவாக இருந்தாலும் என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் கேட்டதில்லை.

மனைவி ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வண்டி மூடியைத் திறந்துவிட்டாள். அவளுக்கு மாட்டத் தெரியும். மச்சினன் வேலை செய்யும்போது சின்ன வயதிலிருந்து பார்த்தவள். பெட்டிக்காகக் கையை நீட்டினாள்.

"அது நான் பிடிச்ச முனை" என்றேன்.

நீட்டிய கை நின்றது. நிஜமாகவே நின்றது. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த கை, அதற்கு வேறு எதுவும் தெரியாது. உள்ளே அவளுடைய அப்பா மூச்சுக்குத் திணறுவது எங்கள் இருவருக்கும் கேட்டது. அப்படியும் அந்தக் கை கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே இருந்தது. பிறகு அவள் ஸ்பேனரை என் காலடியில் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினாள்.

ஒரு பால் வண்டியை மறித்துக் கூட்டி வந்தாள். அதற்குள் நான் இரிடியம் என்று முடிவு செய்து இரண்டு மாட்டியிருந்தேன். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, மாமாவைப் பால் கேன்களுக்கு நடுவில் படுக்க வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். மேடு ஏறி முடிப்பதற்குள் போய்விட்டார் என்று பால் வண்டிக்காரர் பிறகு சொன்னார். டாக்டரும் கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் என்று ஏதோ சொன்னாராம். டாக்டர்கள் எல்லோரிடமும் அதைத்தான் சொல்வார்கள்.

மத்தியானம் மச்சினன் வந்தான். அழுதுகொண்டே வண்டி மூடிக்குள் தலையை விட்டு, மீதி இருந்த இரண்டு ஓட்டையில் கைக்குக் கிடைத்த இரண்டு பிளக்கைத் திருகினான். அவை பிளாட்டினம். இரண்டு இரிடியம், இரண்டு பிளாட்டினம். அப்படிக் கலந்து போடவே கூடாது, குழுவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாவியைத் திருப்பினான், வண்டி எழுந்துவிட்டது. ஓர் உதறல் இல்லை. மாமாவை அதில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு என்னை மிகவும் பாதித்தது அந்த வண்டி அப்படி ஓடியதுதான். மற்றதற்கெல்லாம் பிறகுதான் அழுதேன்.

குழுவிலும் தகவல் சொன்னேன். எல்லோரும் ஆழ்ந்த இரங்கல் தெரிவித்தார்கள். சைலன்சர் மட்டும் தனியாக எழுதிக் கேட்டார்: "கடைசியில என்ன பிளக் போட்டீங்க?"

இப்போது நீங்கள் அந்த நான்கு பழைய பிளக்கை மேஜை மேல் வைத்திருக்கிறீர்கள். ஆமாம், என்னுடைய கைக்குட்டைதான். துக்கத்துக்கு வந்தவர்கள் படுக்க இடம் வேண்டும் என்று அலமாரியை நகர்த்தியபோது அதன் பின்னாலிருந்து விழுந்திருக்கிறது. மனைவி எடுத்திருக்கிறாள். அவிழ்த்துப் பார்த்துவிட்டு யாரிடமும் எதுவும் சொல்லாமல், கட்டியிருந்த புடவையோடு நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். மற்ற விஷயங்களுக்கெல்லாம் பத்துப் பேரைக் கேட்கிற பெண்.

நுனியைப் பாருங்கள். கறுத்திருந்தால் பிளக் கெட்டுவிட்டது என்று அர்த்தம். வெளுத்திருந்தாலும் கெட்டதுதான். இவை பிஸ்கட் கலரில் இருக்கின்றன. இதைவிட நல்ல பிளக்கை நீங்கள் பார்க்க முடியாது. அந்தக் காலையில் இவற்றை மாட்டியிருந்தால் வண்டி ஓடியிருக்குமா என்று கேட்டீர்கள். ஓடியிருக்கும்.

நடுவில் ஒன்று நடந்தது, பிறகு சொல்கிறேன் என்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் நான் வண்டி மூடியைத் திறந்தபோது, ஒரு பிளக்கின் தலையில் மாட்டியிருக்கும் வயர் பாதி கழன்று நின்றது. கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தினேன். டக் என்று உட்கார்ந்தது. வண்டியைக் கிளப்பிப் பார்த்தேன், பூ மாதிரி ஓடியது. மிஸ்ஸிங் இல்லை, ஒன்றும் இல்லை. உள்ளே போய், "மாமா, சரியாயிருச்சு" என்று சொல்லியிருக்கலாம். "அப்படியா மாப்ளே, சரி, வந்து இந்த முனையைப் பிடிங்க" என்றிருப்பார். நான் என்ஜினை அணைத்தேன். அது ஆறும்வரை வண்டி ஓரமாக நின்றேன். பிறகு நான்கு பிளக்கையும் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனேன்.

எழுதிக்கொள்ளுங்கள். வண்டியில் பழுது இல்லை. பிளக்கில் பழுது இல்லை. இரண்டும் எனக்குத் தெரியும். அந்தக் காலையில் அவர் சாகக்கூடும் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் செய்தேன். கொன்றாயா என்று கேட்டால், ஆமாம் என்று போட்டுக்கொள்ளுங்கள், நான் வார்த்தைக்குச் சண்டை போடுகிறவன் இல்லை. என் வருத்தமெல்லாம் வேறு. எனக்கு அவர்கள் மேல் எந்த மனக்குறையும் கிடையாது, அவர்கள்தான் என்னை இன்னும் வேற்று ஆளாகப் பார்க்கிறார்கள். நீங்கள் சற்று முன்னால் சொல்லித்தான் எனக்கே தெரியும், மச்சினன் கடைக்கு வேறு வண்டி எடுத்துவிட்டானாம். டீசல் வண்டி. டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் என்பதே கிடையாது. அந்த வீட்டு மாப்பிள்ளை நான், இந்தக் குடும்பத்துக்காக இவ்வளவு பார்த்தவன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.